ஒற்றைத் துகளின் சாட்சியம்



1982ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் நடந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் உள்ள கன அயனி ஆய்வு மையத்தில் பீட்டர் ஆர்ம்புரூஸ்டர், காட்ஃபிரீட் மூன்சன்பெர்க் ஆகியோரின் குழு பிஸ்மத் தகட்டின் மேல் இரும்பு அயனிகளை நாள்கணக்கில் செலுத்திக்கொண்டிருந்தது. இரும்பின் அணு எண் 26, பிஸ்மத்தின் அணு எண் 83. இரண்டும் கூடினால் 109. அன்று வரை யாரும் கண்டிராத தனிமம் அது. எண்ணி மாளாத அயனிகள் போய் மோதிய பிறகு, அந்தக் கூடல் ஒரே ஒரு முறை நடந்தது. பிறந்த அணுக்கரு, மின்புலமும் காந்தப்புலமும் கொண்ட ஒரு வடிகட்டியைக் கடந்து வந்து, சிலிக்கான் வில்லை ஒன்றில் புதைந்தது. 5 மில்லிவினாடி கழித்து, புதைந்த அதே இடத்தில் 11.10 எம்.இ.வி. ஆற்றலுள்ள ஓர் ஆல்ஃபா துகள் தெரிந்தது. மேலும் 22 மில்லிவினாடி கழித்து, அங்கேயே 1.14 எம்.இ.வி. அளவில் ஒரு சிறு துடிப்பு. பிறகு ஏறத்தாழ 13 வினாடி ஒன்றுமில்லை. அதன் முடிவில், அதே இடத்தில் ஓர் அணுக்கரு இரண்டாகப் பிளந்தது.

ஆதாரம் மொத்தமும் இவ்வளவுதான். ஓர் அணு, ஒரு வில்லை, நான்கு மின் துடிப்புகள். இதை வைத்துக்கொண்டு அந்தக் குழு ஒரு புதிய தனிமத்தை அறிவித்தது. உலகம் விசாரித்தது, ஏற்றுக்கொண்டது. இன்று உங்கள் வேதியியல் வகுப்பறைச் சுவரில் தொங்கும் அட்டவணையில் 109ஆவது கட்டத்தில் அது மெய்ட்னீரியம் என்ற பெயரோடு இருக்கிறது.

ஒரே ஒரு முறை நடந்ததை எப்படி நம்புவது? அறிவியலில் நாம் மாணவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது, திரும்பத் திரும்பச் செய்து பார் என்பதை. அந்த 1.14 என்ற எண்ணை இன்னொரு முறை பாருங்கள். இவ்வளவு கனமான அணுக்கருவிலிருந்து வெளிவரும் ஆல்ஃபா துகளுக்குப் பத்து எம்.இ.வி.யை ஒட்டி ஆற்றல் இருக்க வேண்டும். 1.14 என்பது பொருந்தாத எண். சாட்சிகளில் ஒருவர் தடுமாறுகிறார். ஆனாலும் வழக்கு நின்றது. எப்படி நின்றது என்பதைச் சொல்ல எனக்கு இந்த ஒரு மணி நேரம் வேண்டும். சிலிக்கான் உணரியோடு என் பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். ஆய்வுக்கூடத்தில் அதை டிடெக்டர் என்றுதான் சொல்வோம். இன்று உணரி என்றே சொல்கிறேன். எம்.இ.வி. என்பது பத்து லட்சம் எலக்ட்ரான்வோல்ட். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கே.இ.வி. இந்த இரண்டு அளவுகளையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

1909இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் கூடத்தில் கைகரும் மார்ஸ்டனும் இருட்டறையில் உட்கார்ந்திருந்தார்கள். கண் இருட்டுக்குப் பழக நெடுநேரம் காத்திருக்க வேண்டும். தங்கத் தகட்டில் மோதிச் சிதறிய ஆல்ஃபா துகள் துத்தநாக சல்பைடு பூசிய திரையில் விழும்போதெல்லாம் மின்மினி போல ஒரு பொட்டு வெளிச்சம் தோன்றி மறையும். நுண்ணோக்கி வழியாக அதைப் பார்த்து எண்ண வேண்டும். அணுவுக்கு நடுவில் கரு இருக்கிறது என்ற பேருண்மை அப்படி எண்ணி எண்ணித்தான் கிடைத்தது. 1919இல் ரூதர்ஃபோர்டு நைட்ரஜன் மேல் ஆல்ஃபா துகளை மோதவிட்டுப் புரோட்டான் வெளிவருவதைக் கண்டபோதும் திரையும் கண்ணும்தான் கருவிகள்.

அந்த மனிதர்களின் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது. ஆனால் அந்தத் திரை ஒரு கேள்விக்குத்தான் நன்றாகப் பதில் சொல்லும்: எத்தனை? வந்தது யார், எவ்வளவு ஆற்றலோடு வந்தது என்ற கேள்விகளுக்குத் தகடுகளைக் குறுக்கே வைத்து வைத்து, சுற்றி வளைத்துத்தான் விடை தேட வேண்டியிருந்தது. அணுக்கரு வினை என்றால் இரண்டு கருக்கள் மோதுகின்றன, சில துகள்கள் சிதறுகின்றன. மோதலை நாம் பார்க்கவே முடியாது. சிதறியவை மட்டுமே நம் கைக்கு வரும். வந்த ஒவ்வொன்றின் பெயர், ஆற்றல், திசை, நேரம் ஆகிய நான்கும் தெரிந்தால் உள்ளே நடந்ததைத் திருப்பிக் கட்டிவிடலாம். அந்த நான்கையும் ஒரே பொருளிடம் கேட்டு வாங்க முடிந்தது சிலிக்கான் வந்த பிறகுதான்.

சிலிக்கான் எப்படிச் சொல்கிறது? மின்னூட்டம் உள்ள துகள் படிகத்துக்குள் நுழைந்ததும், வழியிலுள்ள எலக்ட்ரான்களை இழுத்தும் தள்ளியும் தன் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறது. பிணைப்பிலிருந்து விடுபட்ட ஒவ்வோர் எலக்ட்ரானும் பின்னால் ஒரு துளையை விட்டுச்செல்கிறது. இப்படி ஒரு எலக்ட்ரான்-துளை இணையை உண்டாக்கச் சிலிக்கானில் சராசரியாக 3.6 எலக்ட்ரான்வோல்ட் செலவாகிறது. வாயுவில் இதே வேலைக்கு 30 எலக்ட்ரான்வோல்ட் அளவுக்குத் தேவை. அமெரிசியம்-241 தரும் 5.486 எம்.இ.வி. ஆல்ஃபா, காற்றில் சுமார் நான்கு சென்டிமீட்டர் ஓடக்கூடியது, சிலிக்கானில் 28 மைக்ரான் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது. தலைமயிரின் தடிமனில் பாதிகூட இல்லை. நிற்பதற்குள் ஏறத்தாழ 15 லட்சம் இணைகளை உண்டாக்கிவிடுகிறது. அந்த மின்னூட்டத்தைச் சேகரித்து அளந்தால், துகள் கொண்டுவந்த ஆற்றல் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். பொன்னை உரைகல்லில் இழுத்தால் கோடு விழுகிறதே, அதைப் போல ஒவ்வொரு துகளும் தன் தரத்தை இந்தக் கல்லில் இழுத்துவிட்டு நிற்கிறது.

எண்ணிக்கை பெரிதாக இருப்பதால் துல்லியமும் கூடுகிறது. 15 லட்சம் இணைகளில் இயற்கையாக வரும் ஏற்ற இறக்கம் 400 இணை அளவுதான். மற்ற இரைச்சல்களெல்லாம் சேர்ந்த பிறகும், நல்ல உணரி ஒன்று இந்த ஆல்ஃபாவை 15 கே.இ.வி.க்குள் பிரித்துச் சொல்லும். ஆயிரத்துக்கு மூன்று பங்கு.

ஆனால் வெறும் சிலிக்கான் துண்டை எடுத்து இரண்டு கம்பியை ஒட்டினால் இது நடக்காது. அறை வெப்பநிலையிலேயே, துகள் எதுவும் வராமலே, ஒரு கன சென்டிமீட்டர் தூய சிலிக்கானில் சுமார் 1,500 கோடி இணைகள் வெப்பத்தால் தோன்றி நிற்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பும் 300 மைக்ரான் தடிமனும் உள்ள வில்லையில் 45 கோடி. நாம் தேடும் 15 லட்சம் அந்தத் திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போய்விடும். எனவே முதலில் கூட்டத்தை வெளியேற்ற வேண்டும். டையோடில் பின்னோக்கு மின்னழுத்தம் கொடுத்தால் சந்தியின் இருபுறமும் கட்டற்ற மின்னூட்டங்கள் விலகி, இயக்கமில்லாப் பகுதி விரிகிறது என்று பன்னிரண்டாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். தேர்வுக்காகப் படித்த அந்தப் படம்தான் இங்கே முழுக் கருவி. வில்லையின் தடிமன் முழுதும் அந்தப் பகுதி பரவும் வரை மின்னழுத்தத்தை ஏற்றுகிறோம். உள்ளே மண்டபம் காலியாகிறது. இப்போது ஒரே ஒருவர் நுழைந்தாலும் காலடி ஓசை கேட்கும்.

300 மைக்ரான் வில்லையை 60, 70 வோல்ட்டிலேயே இப்படிக் காலியாக்க முடிகிறது என்றால், அதற்குப் பின்னால் சிலிக்கானைத் தூய்மைப்படுத்தியவர்களின் உழைப்பு இருக்கிறது. அந்த வில்லையில் மின்கடத்தலுக்குக் காரணமான அயல் அணு, சிலிக்கான் அணுக்கள் ஐயாயிரம் கோடிக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் எந்தப் பொருளுக்கும் நாம் இப்படி ஒரு தூய்மையைக் கேட்டதில்லை.

வரலாற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். 1949இல், டிரான்சிஸ்டர் பிறந்து இரண்டே ஆண்டில், அதே பெல் ஆய்வுக்கூடத்தில் கென்னத் மெக்கே ஜெர்மேனியப் படிகத்தால் ஆல்ஃபா துகள்களை உணர்ந்து காட்டினார். 1956இல் பர்டூவில் ஜேம்ஸ் மேயரும் காஸிக்கும் ஜெர்மேனியத்தின் மேல் தங்கத்தைப் பூசி ஆற்றலை அளக்கும் உணரி செய்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கனடாவின் சாக் ரிவரிலும் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜிலும் அந்த வழி சிலிக்கானுக்கு வந்தது. சிலிக்கானுக்கு ஒரு பெரிய வசதி: குளிரூட்டாமல் அறை வெப்பநிலையிலேயே வேலை செய்யும். என்-வகைச் சிலிக்கான் வில்லையின் முகத்தில் இருபது நானோமீட்டர் அளவுக்குத் தங்கம், முதுகில் அலுமினியம். இதுதான் மேற்பரப்புத் தடுப்பு உணரி. 1909இல் துகள் மோதும் இலக்காக இருந்த தங்கத் தகடு, ஐம்பது ஆண்டு கழித்துத் துகளை வரவேற்கும் வாசலாக மாறியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகும். 1980இல் மியூனிக்கில் யோசெஃப் கெம்மர் மின்னணுச் சில்லு செய்யும் முறையை இங்கே கொண்டுவந்து, மேற்பரப்பை ஆக்சைடால் மூடி, அயனிகளைப் பதித்து உணரி செய்தார். கசிவு மின்னோட்டம் வெகுவாகக் குறைந்தது. வில்லையின் முகத்தை மெல்லிய பட்டைகளாகப் பிரிப்பதும் எளிதாயிற்று.

நிலவுக்கும் சிலிக்கான் உணரி போயிருக்கிறது. 1967 செப்டம்பரில் அமைதிக் கடலில் இறங்கிய சர்வேயர்-5, கியூரியத்திலிருந்து வரும் ஆல்ஃபா துகள்களை நிலவு மண்ணில் வீசி, சிதறித் திரும்பியவற்றைச் சிலிக்கான் உணரிகளால் அளந்தது. அந்தோணி டர்கெவிச் வகுத்த சோதனை அது. கண்ட மண் பசால்ட் பாறையை ஒத்தது என்று, மனிதன் இறங்குவதற்கு இரண்டு ஆண்டு முன்பே தெரிந்துவிட்டது. ரூதர்ஃபோர்டு கண்ட அதே பின்சிதறல்தான். நம் கல்பாக்கத்திலும் 1.7 மெகாவோல்ட் முடுக்கியிலிருந்து வரும் கற்றையைக் கொண்டு இதே முறையில் பொருள்களின் மேலடுக்குகளை ஆராய்கிறார்கள்.

நான் முதன்முதலில் அமெரிசியம் மூலத்தை உணரியின் முன் வைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. வெற்றிடக் கலத்தை மூடி, பம்பை ஓடவிட்டு, மின்னழுத்தத்தைப் பத்துப் பத்து வோல்ட்டாக ஏற்றினேன். திரையில் துடிப்புக்குப் பதிலாக இரைச்சல் மட்டும் பொங்கி வழிந்தது. உணரி பழுது என்று முடிவுகட்டி, மனம் சோர்ந்து உட்கார்ந்திருந்தேன். கூடத்தில் வேலை பார்த்த முதிய தொழில்நுட்பர் ஒருவர் வந்தார். ஒன்றும் பேசவில்லை. கலத்தின் கண்ணாடிச் சாளரத்தின் மேல் ஒரு கறுப்புத் துணியைப் போட்டார். இரைச்சல் அடங்கியது. சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி 1.12 எலக்ட்ரான்வோல்ட். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் அதைத் தாண்டும் ஆற்றல் உண்டு. வீட்டுக் கூரையில் வெயிலை மின்சாரமாக்கும் தகடும் இந்த உணரியும் அண்ணன் தம்பிகள். நான் அறை விளக்கின் ஒளியை அளந்துகொண்டிருந்திருக்கிறேன். துணி விழுந்த சில நிமிடங்களில் திரையில் முகடு எழுந்தது. முதலில் ஒன்று, பிறகு அதன் இடப்பக்கம் ஒரு சிறு முகடு, அதற்கும் அப்பால் இன்னும் சிறியதாக ஒன்று: 5.486, 5.443, 5.388. அமெரிசியத்தின் சேய்க் கருவிலுள்ள ஆற்றல் படிகள் அவை. கண்ணுக்கு எட்டாத ஒரு வீட்டின் படிக்கட்டை யாரோ தடவிப் பார்த்துச் சொன்னது போல இருந்தது. அந்தப் பெரியவரின் கறுப்புத் துணி எனக்குக் கிடைத்த முதல் பாடம்.

ஆற்றலைச் சொல்லியாயிற்று. யார் என்று எப்படிச் சொல்வது? 10 எம்.இ.வி. புரோட்டானும் 10 எம்.இ.வி. ஆல்ஃபாவும் முழுக்க நின்றால் ஒரே அளவு மின்னூட்டத்தைத்தான் தரும். இங்கே உதவுவது 1930இல் ஹான்ஸ் பெத்தே தந்த சூத்திரம். ஒரு துகள் மெல்லிய தகட்டைக் கடக்கும்போது இழக்கும் ஆற்றல், அதன் மின்னூட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் குறைந்தால் இழப்பு கூடும். எனவே ஒரு மெல்லிய சிலிக்கான் வில்லை, அதன் பின்னால் ஒரு தடித்த வில்லை என்று இரண்டை அடுக்குகிறோம். முன்னதில் துகள் கொஞ்சம் இழந்து கடக்கிறது, பின்னதில் நிற்கிறது. இந்த அடுக்குக்கு எங்கள் வட்டாரத்தில் டெலஸ்கோப் என்று பெயர். விண்மீன் பார்ப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இரண்டு எண்களையும் பெருக்கினால், ஏறத்தாழ, துகளின் நிறையையும் மின்னூட்டத்தின் இருமடியையும் பெருக்கிய எண்ணுக்கு விகிதமான விடை வரும். புரோட்டானுக்கு 1, டியூட்ரானுக்கு 2, டிரைட்டானுக்கு 3, ஹீலியம்-3க்கு 12, ஆல்ஃபாவுக்கு 16. முன் வில்லையின் இழப்பை நிலைக்குத்து அச்சிலும் பின் வில்லையின் ஆற்றலைக் கிடையச்சிலும் குறித்தால், ஒவ்வோர் இனமும் தனித்தனி வளைவில் வந்து உட்காரும். அவை வாழைப்பழம் போல வளைந்திருப்பதால், ஒரு வளைவைச் சுற்றி நாங்கள் கணினியில் வரையும் வேலிக்கு ‘பனானா கேட்’ என்றே உலகமெங்கும் பெயர். முதல்முறை பார்க்கும் மாணவர்கள் வாயடைத்து நிற்பார்கள். இருட்டறையில் ஒரே மாதிரித் தெரிந்த பொட்டுகள், இங்கே இனம் இனமாகப் பிரிந்து வரிசை கட்டி நிற்கின்றன.

10 எம்.இ.வி. புரோட்டானை நிறுத்தவே முக்கால் மில்லிமீட்டர் சிலிக்கான் வேண்டும். அதற்கு மேல் ஆற்றல் போனால் பின்னால் சீசியம் அயோடைடு படிகத்தை வைத்துவிடுகிறோம். அந்த விவரத்துக்குள் இன்று போகவில்லை. இந்த அடுக்கு எதைக் கண்டுபிடிக்க உதவியது என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன்.

நம் உடம்பிலுள்ள கரி, விண்மீன்களுக்குள் மூன்று ஆல்ஃபா துகள்கள் கூடிப் பிறந்தது. இரண்டு ஆல்ஃபா சேர்ந்தால் பெரிலியம்-8. அது தோன்றிய வேகத்திலேயே உடைந்துவிடும். உடைவதற்குள் மூன்றாவது வந்து ஒட்ட வேண்டும். சாதாரணமாக அது நடக்கும் வேகம், உலகிலுள்ள கரிக்குக் கணக்குச் சொல்லப் போதாது. 1953இல் ஃபிரெட் ஹாயில், கரி-12 அணுக்கருவில் மூன்று ஆல்ஃபாவின் ஆற்றலுக்குச் சற்று மேலே ஒரு நிலை இருந்தே தீர வேண்டும் என்று வாதிட்டார். கால்டெக்கில் வார்டு வேலிங்கும் கூட்டாளிகளும் தேடினார்கள், கிடைத்தது. 7.65 எம்.இ.வி.யில் உள்ள அந்த நிலைக்கு ஹாயில் நிலை என்று பெயர்.

கேள்வி அதோடு தீரவில்லை. அந்த நிலை பெரும்பாலும் மீண்டும் மூன்று ஆல்ஃபாவாகவே உடைகிறது. முதலில் ஒரு ஆல்ஃபா பிரிந்து, மிச்சமுள்ள பெரிலியம்-8 பிறகு இரண்டாகிறதா? அல்லது எப்போதாவது மூன்றும் ஒரே நேரத்தில் பிரிகின்றனவா? பின்னது கணிசமாக நடந்தால், குளிர்ந்த விண்மீன்களில் கரி உருவாகும் வேகத்தைத் திருத்தி எழுத வேண்டிவரும். அந்த நிலையின் உள்ளமைப்பு பற்றிய நம் சித்திரமும் மாறும். மூன்று ஆல்ஃபாவும் பங்கிட்டுக்கொள்ளும் மொத்த ஆற்றல் 380 கே.இ.வி.தான். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை போல, யாருக்கு எவ்வளவு போயிற்று என்பதைப் பார்த்தே எப்படிப் பிரிந்தார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு மூன்றையும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். மூன்றின் திசையும் ஆற்றலும் துல்லியமாகத் தெரிய வேண்டும்.

இங்கேதான் இருபுறப் பட்டை உணரி வந்தது. வில்லையின் முகத்தில் பட்டைகள் நெடுக்காக, முதுகில் குறுக்காக. பாவும் ஊடும் போல. முகத்தில் 16 பட்டை, முதுகில் 16 பட்டை என்றால் 256 கட்டங்கள். எந்த நூலும் எந்த நூலும் சந்திக்கும் இடத்தில் துகள் விழுந்தது என்று தெரிந்துவிடும். 32 கம்பிகளை வெளியே எடுத்து 256 கேள்விகளுக்கு விடை வாங்குவது, நெசவாளியின் கணக்கைப் படிகத்தில் போட்டது போன்ற ஓர் அழகான யோசனை. கொல்கத்தாவில் 1977 முதல் ஓடிக்கொண்டிருக்கும் சைக்ளோட்ரானில் 60 எம்.இ.வி. ஆல்ஃபாக் கற்றையைக் கரியின் மேல் செலுத்தி, பட்டை உணரிகளால் இந்தப் பாகப்பிரிவினையை அளந்தார்கள்; முடிவுகள் 2013இல் வெளிவந்தன. 2017இல் பர்மிங்ஹாமிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் இரண்டு குழுக்கள் மேலும் நுணுக்கமாக அளந்து, மூன்றும் ஒன்றாகப் பிரிவது பத்தாயிரத்தில் ஐந்து முறைக்கும் குறைவு என்று காட்டின. ‘இல்லை’ என்று அவர்கள் சொல்லவில்லை. எங்கள் உணரிகளால் இதற்கு மேல் சொல்ல முடியாது என்று எல்லையைக் குறித்தார்கள். ஓர் அளவீட்டாளனின் நேர்மை அந்தச் சொற்களில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அந்த நேர்மைக்காக உணரியின் குறைகளை நாம் அறிந்திருக்க வேண்டும். எல்லா மின்னூட்டமும் நம் கைக்கு வந்துவிடுவதில்லை. முகத்தில் உள்ள தங்கமும் அதன் அடியில் உள்ள உணர்வற்ற அடுக்கும் வாசலிலேயே கொஞ்சம் வரி வாங்கிவிடுகின்றன. சாய்வாக வரும் துகளுக்கு வரி கூடுதல். அணுப் பிளவில் வரும் கனத்த துண்டுகள் தம் பாதையில் இணைகளை அடர்த்தியாகக் கொட்டுவதால், சில மீண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஆற்றலில் ஒரு பகுதி எலக்ட்ரான்களுக்குப் போகாமல் அணுக்களையே இடித்துத் தள்ளுவதில் செலவாகிறது. அதனால் பல எம்.இ.வி. குறைவாகத் தெரியும். கலிஃபோர்னியம்-252இன் பிளவுத் துண்டுகளை வைத்து அந்தக் குறையை அளந்து திருத்துகிறோம். அணுக்களின் வரிசைகளுக்கு இடையிலுள்ள சந்துக்குள் துகள் நழுவினால், குறைவாக இழந்து நெடுந்தூரம் போய்விடும். மெல்லிய வில்லையில் அது தன் இனத்தின் வளைவை விட்டு விலகி உட்காரும். அதைத் தவிர்க்கப் படிகத்தைத் தக்க கோணத்தில் அறுக்கச் சொல்லி வாங்குகிறோம்.

அயல் அணுக்கள் எங்கும் சீராகப் பரவியிருக்க வேண்டும் என்பதற்காகச் செய்யும் ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. இயற்கைச் சிலிக்கானில் நூற்றுக்கு மூன்று பங்கு சிலிக்கான்-30. தூய படிகத்தை அணு உலையில் வைத்தால், அந்தக் கரு ஒரு நியூட்ரானை விழுங்கி சிலிக்கான்-31 ஆகிறது. இரண்டரை மணி நேர அரைவாழ்வில் சிதைந்து பாஸ்பரஸ்-31 ஆகிறது. நியூட்ரான் எங்கும் ஒரே சீராகப் பாய்வதால் பாஸ்பரஸும் ஒரே சீராகப் பரவுகிறது. துடிப்பின் வடிவத்தை வைத்தே துகளின் பெயரைச் சொல்லும் நுணுக்கமான உணரிகளுக்கு இப்படிப்பட்ட சிலிக்கான்தான் வேண்டும். அணுக்கரு வினைகளை அளக்கும் கருவியை ஓர் அணுக்கரு வினையே செய்துகொடுக்கிறது.

உணரி தேய்ந்தும் போகிறது. வந்து நிற்கும் ஒவ்வொரு துகளும் சில அணுக்களை இடம்பெயர்த்துவிட்டுத்தான் நிற்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டரில் நூறு கோடி ஆல்ஃபா விழுந்ததும் கசிவு ஏறத் தொடங்கும், முகடு அகலும். சோதனை இரவுகளில் கசிவு மின்னோட்டத்தை மணிக்கொரு முறை நோட்டில் எழுதிவைப்போம், காய்ச்சல்காரருக்குச் சூடு பார்ப்பது போல. எங்கள் கையாலும் அது மடிந்திருக்கிறது. ஒருமுறை விடியற்காலை நான்கு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், மின்னழுத்தத்தை இறக்காமலே கலத்துக்குள் காற்றை விட்டுவிட்டேன். வெற்றிடத்துக்கும் காற்றுக்கும் இடைப்பட்ட அழுத்தத்தில் மின்பொறி எளிதில் பாயும். அழகான மெல்லிய வில்லை ஒன்று அந்த நொடியில் போயிற்று. யாரும் என்னைத் திட்டவில்லை. அன்று முதல் கலத்தின் கைப்பிடியில் ‘வோல்டேஜ்?’ என்று எழுதிய அட்டை ஒன்றைத் தொங்கவிட்டேன். நான் ஓய்வு பெற்ற நாளிலும் அது அங்கேயே தொங்கியது.

மாணவர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் பெயர் வருவது அளந்தவர்களுக்கு. வில்லையை அறுத்து, தேய்த்து, அமிலத்தில் கழுவி, பூசி, சோதித்துத் தருபவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு நன்றிச் சொல்லோடு முடிந்துவிடும். இது எனக்கு எப்போதும் உறுத்தும். ஜெனீவாவில் செர்ன் ஆய்வகத்தின் சி.எம்.எஸ். சோதனைக்காக, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் வடிவமைப்பில் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 32 பட்டைகள் கொண்ட சிலிக்கான் உணரிகளை ஆயிரம் அளவில் செய்து அனுப்பியது. ஒவ்வொன்றும் 63 மில்லிமீட்டர் சதுரம். நம் நாட்டில் இந்தக் கைத்திறன் இருக்கிறது. ஆனாலும் பல ஆய்வுக்கூடங்களில் ஒரு வில்லை போனால் வெளிநாட்டிலிருந்து வரும் வரை மாதக்கணக்கில் காத்திருக்கும் நிலையை நானே அனுபவித்திருக்கிறேன். இந்த அரங்கில் உள்ள பொறியியல் மாணவர்களில் இருவராவது இந்தத் தொழிலுக்கு வந்தால் இந்தச் சொற்பொழிவு வீண்போகவில்லை என்று நினைப்பேன்.

இனி அந்த ஆகஸ்ட் 29க்குத் திரும்புவோம். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். விசாரித்துப் பார்ப்போம்.

முதல் சாட்சி, வடிகட்டியைக் கடந்துவந்து புதைந்த கனமான கரு. வில்லையின் மேற்பரப்பில் மின்தடை உள்ள ஒரு பூச்சு உண்டு. மின்னூட்டம் இரு முனைகளுக்கும் எவ்விதத்தில் பங்கிடப்படுகிறது என்பதிலிருந்து துகள் விழுந்த இடம் கிடைத்துவிடும். இரண்டாவது சாட்சி, 5 மில்லிவினாடி கழித்து அங்கேயே பிறந்த 11.10 எம்.இ.வி. ஆல்ஃபா. 109ஆவது தனிமத்தின் அணுக்கரு ஒரு ஆல்ஃபாவை இழந்தால் 107. அதுவும் ஓர் ஆல்ஃபாவை இழந்தால் 105. மூன்றாவது சாட்சிதான் அந்தத் தடுமாறிய 1.14. புதைந்த கரு சிலிக்கானுக்குள் சில மைக்ரான் ஆழத்தில்தான் கிடக்கிறது. பத்து எம்.இ.வி. ஆல்ஃபா முழுவதும் நிற்க 70 மைக்ரான் வேண்டும். ஆல்ஃபா உள்நோக்கிக் கிளம்பினால் முழு ஆற்றலையும் வில்லையில் விட்டுவிடும். வெளிநோக்கிக் கிளம்பினால் வாசலைத் தாண்டி ஓடிவிடும்; போகிற வழியில் உதறிய கொஞ்சம் மட்டும் பதிவாகும். இரண்டில் ஒன்று அப்படித்தான் தப்பும். 1.14 என்பது ஓடிப்போன ஆல்ஃபாவின் காலடித் தடம். அந்தத் தப்பியோடலைப் பிடிப்பதற்காகவே பிற்காலத்தில் வில்லையின் முன்பக்கத்தைச் சுற்றிச் சுவர்கள் போலச் சிலிக்கான் வைத்துப் பெட்டியாகக் கட்டினார்கள். ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தில் கொசுகே மொரிட்டாவின் குழு 113ஆவது தனிமத்தை அப்படிப்பட்ட சிலிக்கான் பெட்டியில்தான் பிடித்தது: 2004இல் ஒன்று, 2005இல் ஒன்று, 2012இல் ஒன்று. ஒன்பது ஆண்டு முயற்சியில் மூன்று அணுக்கள்.

நான்காவது சாட்சி, 12.9 வினாடி கழித்து நடந்த பிளவு. 105ஆவது தனிமத்தின் கரு ஓர் எலக்ட்ரானை விழுங்கி 104 ஆகி, அது தானாகப் பிளந்தது. சங்கிலியின் பிந்தைய கண்ணிகள் முன்பே அறிந்த கருக்களின் ஆயுளோடு பொருந்தின. நான்கும் ஒரே இடத்தில், சரியான வரிசையில், சரியான கால இடைவெளியில் தற்செயலாக வந்து சேர வாய்ப்பு மிக மிக அரிது. ஓர் அணு போதுமானதாக இருந்தது அதனால்தான். பின்னர் அதே குழு அந்தச் சோதனையை மறுபடி செய்து, அந்தத் தனிமத்தை மீண்டும் கண்டது.

1997இல் அதற்கு லீசே மெய்ட்னரின் பெயர் உறுதியானது. 1938ஆம் ஆண்டின் இறுதியில், ஜெர்மனியை விட்டுத் தப்பி சுவீடனில் இருந்த மெய்ட்னர், தம் அக்காள் மகன் ஆட்டோ ஃபிரிஷ்ஷுடன் சேர்ந்து, யுரேனியக் கரு இரண்டாகப் பிளக்கிறது என்று கணக்கிட்டுச் சொன்னார். 1939 ஜனவரியில் ஃபிரிஷ் கோபன்ஹேகனுக்குத் திரும்பி, வாயு நிரப்பிய ஒரு சிறு கலத்தில் யுரேனியத்தை வைத்து, துண்டுகள் நிற்கும்போது கொட்டிய மின்னூட்டத்தைப் பெரும் துடிப்புகளாக அளந்து அதைக் காட்டினார். 43 ஆண்டு கழித்து, சித்தியின் பெயரைப் பின்னால் பெறவிருந்த அந்த ஒற்றை அணுவின் வழித்தோன்றல், டார்ம்ஸ்டாட்டின் சிலிக்கான் வில்லைக்குள் தன் கதையை முடித்துக்கொண்டதும் அப்படி ஒரு பெரும் துடிப்பில்தான்.